மறுமொழி: லேர்னிங் அவுட்கம், என்ரோல்மென்ட் இரண்டுக்கும் தமிழ்ச்சொல்

வணக்கம். ஒரு முதுநிலைப் படிப்பின் அறிக்கைக்காக, லேர்னிங் அவுட்கம் (படித்து முடித்தவர் என்ன செய்ய வல்லவராக வேண்டும் என்பது), என்ரோல்மென்ட் இரண்டுக்கும் தமிழ்ச்சொல் வேண்டுமென்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த மடல்களில் ஒன்று:

> 'கற்றல் விளைவு', 'மாணவர் சேர்க்கை' இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றனவே. புதிதாக ஏன் தேட வேண்டும்?

பொதுவான கட்டுரைக்குத் தேட வேண்டியதில்லைதான். ஆனால் ஐயா கேட்டது சிறிய முதுநிலைப் படிப்பொன்றின் மதிப்பீட்டு அறிக்கைக்கு. அங்கே 'சேர்க்கை' முதல் அட்டவணையிலேயே காலை வாரிவிடும்.

சேர்க்கை என்றதும் நம் காதில் விழுவது அட்மிஷன்: விண்ணப்பம், தரவரிசை, கட்டணம். என்ரோல்மென்ட் அதுவல்ல, குறித்த ஒரு நாளில் பதிவேட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை. ஆண்டுக்கு 6 பேரை எடுக்கும் இரண்டாண்டுப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரும் விலகாவிட்டால் பதிவேட்டில் 12 பேர். ஆய்வேட்டை முடிக்காமல் மூன்றாம் ஆண்டுக்கு இழுத்தவர் இருவர் என்றால் 14. 'சேர்க்கை 14' என்று அச்சிட்டால், இந்த ஆண்டு புதிதாக 14 பேர் வந்தார்கள் என்றுதான் படிப்பவர் கொள்வார். பெரிய துறையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இங்கோ படிப்பைத் தொடர்வதா மூடுவதா என்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும்.

முந்தைய மடலில் வந்த 'பயில்தொகை' அழகான வினைத்தொகை. மக்கள்தொகைக்கு இணையாகவும் ஒலிக்கிறது. ஆனால் கல்விப் பேச்சில் 'தொகை' வந்தால் மனம் உதவித்தொகைக்குத் தாவிவிடும். 'இத்துறையின் பயில்தொகை உயர்ந்துள்ளது' என்று படித்தால் யாருக்கோ பணம் கூடுதலாகக் கிடைத்ததாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே என் பரிந்துரை, புதுச்சொல் வேண்டாம், ஆட்களையே எண்ணுவோம். சேர்ந்தோர், பயில்வோர், இடைநின்றோர், முடித்தோர். அட்டவணையின் தலைப்பு வரிசையாகவே நின்றுவிடும். என்ரோல்மென்ட் என்பது 'பயில்வோர் எண்ணிக்கை'. (செய்திகளில் 'மொத்த மாணவர் சேர்க்கை விகிதம்' ஊன்றிவிட்டது. அதைக் கிளற வேண்டாம்.) பகுதிநேரத்தவர் இருந்தால் தலைக்கணக்கு ஒன்றும் 'முழுநேர ஈடு' (பகுதிநேரத்தவரை முழுநேரத்தவர் கணக்குக்கு மாற்றிய எண்ணிக்கை) ஒன்றும் தனித்தனியே வரட்டும்.

ஆட்களை எண்ணும் சொற்களை நான் விரும்புவதற்குத் தமிழ் மட்டும் காரணமில்லை. ஐவரில் நால்வர் தேறினால் 80 விழுக்காடு. அடுத்த ஆண்டு மூவர் தேறினால் 60. வீழ்ச்சி 20 புள்ளி என்று அறிக்கை அலறும். நடந்தது ஒருவர் வீட்டுச் சூழலாகவும் இருக்கலாம். 'ஐவரில் மூவர்' என்று எழுதினால் அந்தப் பதற்றம் இல்லை. போக்கு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் மூன்று ஆண்டு அணிகளையாவது (ஓர் ஆண்டில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஓர் அணி) சேர்த்துப் பார்க்க வேண்டும். கோஹார்ட்டுக்கு இலங்கைப் பல்கலைக்கழக வழக்கிலுள்ள 'அணி' எனக்குப் போதும். சேர்த்துக் காட்டுவதில் இன்னொரு பயனும் உண்டு: மூவரே உள்ள அணியில் 'ஒருவர் எட்டவில்லை' என்றால் அது யார் என்று துறை முழுக்கத் தெரிந்துவிடும்.

இனி அவுட்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கற்றல் விளைவு' என்கின்றன. இலங்கை ஆசிரியர் வழிகாட்டிகள் 'கற்றற்பேறு' என்கின்றன. நான் பேறு பக்கம். விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், திட்டமிடாமலும் வரும். அதே அறிக்கையில் 'சேர்ந்தோர் குறைந்ததன் விளைவு' என்றும் எழுத வேண்டியிருக்கும். பேறு மகப்பேற்றை நினைவூட்டுகிறது என்ற மறுப்பு எனக்கு வலுவாகத் தோன்றவில்லை. படு பாடு ஆவது போல் பெறு பேறு ஆகிறது. கற்பவர் பெற வேண்டியது எதுவோ அது.

இதில் 'அடைவு' என்ற சொல்லைத் தனியே காப்பாற்ற வேண்டும். பேறு இலக்கு, அடைவு எட்டிய அளவு. 'மூன்றாம் பேறு: ஆய்வுமுறை ஒன்றைத் தேர்ந்து, அத்தேர்வை வாதிட்டு நிறுவுவார். அடைவு: பதினால்வரில் பதினொருவர்.' இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்கின்றன. பேற்றை வினைமுற்றில் எழுதுவதும் முக்கியம். கல்வி நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரிக்கும், 1956இல் வந்த புளூமின் வகைப்பாடு பெயர்ச்சொற்களில் இருந்தது. 2001 திருத்தத்தில் அவற்றை வினைகளாக்கினார்கள். ஆனால் அந்த வினை கண்ணால் கண்டு சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். 'அறிவார்', 'உணர்வார்' என்று எழுதினால் அதற்குச் சான்றாக ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

அசெஸ்மென்ட் (மாணவர் கற்றதை அளப்பது), எவால்யுவேஷன் (படிப்பின் தரத்தை எடைபோடுவது) இரண்டையும் பிரிக்க இலங்கையில் கணிப்பீடு, மதிப்பீடு என்ற இணை உண்டு. தமிழ்நாட்டு வாசகர் கணிப்பீட்டை முன்னறிவிப்போடு குழப்பிக்கொள்வார். மதிப்பீடு ஒன்றையே வைத்து, 'மாணவர் மதிப்பீடு', 'படிப்பு மதிப்பீடு' என்று அடைமொழியால் பிரிக்கலாம். ரூப்ரிக் (எந்தத் தரத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று காட்டும் அளவுகோல் அட்டவணை) ரூப்ரிக்காகவே இருக்கட்டும்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. பருவ விடுப்பில் போய்த் திரும்பி வரப்போகிறவர் பயில்வோரா, இடைநின்றோரா? பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. 'விடுப்பில் உள்ளோர்' என்று தனி நிரல் போடலாமா? அறிக்கை எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.