தாத்தாவின் நூற்றாண்டு மலரில் அம்மாவின் மனக்குறையையும் எழுதலாமா?

வாத்தியார் பேத்தி:
வணக்கம். என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஆலங்குடிப் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளியில் 1949-ல் சேர்ந்தவர், 1984-ல் ஓய்வு பெற்றார். இந்த ஆண்டு அவருக்கு நூறு. குடும்பத்துக்குள் கொடுக்க ஒரு சின்ன மலர் போடுகிறோம், எழுதும் வேலை என் தலையில்.

ஊரில் கேட்டால் கதைக்குப் பஞ்சமில்லை. நடவு நேரத்தில் பிள்ளை வரவில்லை என்றால் வயல் வரப்பிலேயே போய் நின்றுகொள்வாராம். 1956-ல் மதிய உணவு வந்தபோது ஊர்ப் பங்குக்கு வீடு வீடாக அரிசி கேட்டவர் அவர்தானாம். கோடை விடுமுறை முடியும்போது அடுப்புக்கரியும் ஊமத்தை இலையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார். அரைப்பது அம்மாச்சி. ஊமத்தை விஷம் ஆயிற்றே, சமையல் அம்மியில் அரைக்க முடியாது என்று சண்டை போட்டு, அதற்கென்று ஓர் உடைந்த அம்மியை ஒதுக்கினார். அது இன்னும் கொல்லையில் கிடக்கிறது. எத்தனை மழை பெய்தும் கறுப்பு போகவில்லை.

சிக்கல் அம்மாவிடம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் அஞ்சு வயசு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டவர், தன் மகளுக்கு மட்டும் உள்ள தேதியைப் போட்டாராம். அம்மா 1955 செப்டம்பரில் பிறந்தவர். 1960 ஜூனில் அஞ்சு நிறையவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கூட விளையாடியவர்கள் எல்லாம் உள்ளே, அம்மா ஒரு வருஷம் பள்ளிக்கூடத் திண்ணையில். சேர்ந்த பிறகும் அங்கே ‘அப்பா’ கிடையாது, ‘சார்’தான். “ஊருக்கெல்லாம் வாத்தியார். வீட்டுக்கும் வாத்தியார்தான்” என்கிறார். எழுபது வயதிலும் ஆறாத கோபம். இதை மலரில் போடலாமா? பழைய பதிவேடு எதுவும் கிடைக்குமா?

திண்ணை:
நூற்றாண்டு மலரில் எதற்கம்மா இதெல்லாம்? நல்லதை மட்டும் போடுங்கள். வீட்டுக் கதை வீட்டோடு இருக்கட்டும்.

கரும்பலகை:
மலரே வீட்டுக்குத்தானே போடுகிறார்கள்? நான் தாராளமாகப் போடச் சொல்வேன். நானும் வாத்தியார் மகன்தான். மற்ற பையனுக்கு ஓர் அடி என்றால் எனக்கு ரெண்டு. ‘தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார்’ என்று ஒருத்தர் வாயில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பயத்தில் அவர்கள் எந்தக் கோடி வரை போனார்கள் என்பதற்கு உங்கள் அம்மா கதையை விடச் சான்று வேண்டுமா?

பதிவேட்டுக்கு நேரே பள்ளிக்கே போங்கள். சேர்க்கைப் பதிவேட்டைக் கழிக்க மாட்டார்கள், பீரோ அடியில் கிடக்கும். கரையான் விட்டு வைத்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் காட்டுவார். அவர் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-ல். அதற்கு முந்தைய தாள்களில் திருச்சி மாவட்டம் என்றுதான் இருக்கும்.

ஓய்வூதியர்:
தலைக்கு மேல் கை சுற்றிச் சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் வாத்தியார் எனக்கு ஒரு வயதைக் கூட்டிப் போட்டார். அப்போது இனித்தது. அப்புறம் அரசு வேலைக்குப் போய், அப்போதைய விதிப்படி 58-ல் ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றைக்கு எனக்கு உண்மையில் 57. ஒரு வருஷச் சம்பளம் போச்சு. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபம் கொஞ்சம் தணியும்.

வாத்தியார் பேத்தி:
சொன்னேன். “நான் எந்த வேலைக்குப் போனேன், ஓய்வு பெற?” என்று கேட்டுவிட்டார். பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்ததும் அதே வாத்தியார்தானே. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, அதையும் எழுதப் போகிறேன். திண்ணை ஐயா மன்னிக்க வேண்டும்.

நேற்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனோம். பதிவேடு இருந்தது. ஓரமெல்லாம் பொடிந்தாலும் தாத்தாவின் கையெழுத்து அச்சு மாதிரி நிற்கிறது. 1960 ஜூன் பக்கத்தில் பதினொரு பிள்ளைகள், அதில் ஒன்பது பேருக்குப் பிறந்த தேதி 1-6-1955. அம்மா விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, “ஒரே நாள்ல ஊர்ல ஒம்பது பிரசவம். மருத்துவச்சி என்ன பாடு பட்டாளோ” என்றார். தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வருஷப் பக்கத்தில் அம்மா பெயர். பிறந்த தேதி 19-9-1955, பெற்றோர் தொழில் ‘ஆசிரியர்’. அந்தப் பக்கத்தில் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டியபோது, “முந்தின பக்கத்தையும் சேர்த்து எடு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வரணும்” என்றார்.