சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது: களை வெட்டும் மெஷின் கார்பரேட்டர் சந்தேகம்

கல்லிடைக்குறிச்சி விவசாயி:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது தோளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் களை வெட்டும் மெஷின். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து வரப்பை வெட்டிவிட்டு, டேங்கில் கால்வாசி பெட்ரோலோடு தொழுவத்தில் தொங்கவிட்டேன். கார் பருவ நெல் நடவுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் எடுத்தேன். சோக் போட்டு ஏழெட்டு இழுப்பு இழுத்தால் பிடிக்கிறது. சோக்கை எடுத்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்தால் அமுங்கி நின்றுவிடுகிறது. பாதி சோக்கில் மட்டும் ஓடுகிறது. பிளக் புதுசு, ஏர் ஃபில்டரையும் கழுவிவிட்டேன். ஒரு கடையில் காட்டினேன். கார்பரேட்டரில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறித் திருகிப் பார்த்துவிட்டு, புது கார்பரேட்டர் போடணும் என்றார்கள். எந்த ஸ்க்ரூ முதலில் எங்கே இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. வாழைக்கு நடுவே கோரை முழங்கால் உயரம் நிற்கிறது. வெட்ட ஆளும் கிடைக்கவில்லை. கார்பரேட்டர் மாற்றித்தான் ஆகணுமா?

பாவூர்சத்திரத்திலிருந்து:
பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பாருங்கள் அண்ணாச்சி. பழைய மெஷினுக்கு அது நல்லது.

அம்பாசமுத்திரம் மெக்கானிக்:
ஆயிலைக் கூட்ட வேண்டாம் அண்ணாச்சி. ஆயில் கூடினால் அதே ஒரு சொட்டில் பெட்ரோல் குறையும். உங்கள் மெஷினுக்கு இப்போதே பெட்ரோல் போதவில்லை. கையேட்டில் 25க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. அதை மாற்றாதீர்கள்.

சோக் போட்டால் காற்று அடைபட்டு பெட்ரோல் கூடுதலாக இழுபடும். அப்போது மட்டும் ஓடுகிறது என்றால் உள்ளே எங்கோ பெட்ரோல் வழி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் வெளிக்காற்று புகுகிறது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மூன்று நான்கு மாசம் கிடந்த பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அதை மெஷினில் விடவே கூடாது.

ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள். டேங்க் மூடியை லேசாகத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். அப்போது நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது, வேலை அதோடு முடிந்தது. இல்லையென்றால் டேங்கினுள் கிடக்கும் ஃபில்டரை வளைந்த கம்பியால் வெளியே எடுத்து மாற்றுங்கள். பெட்ரோல் குழாயில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வெடித்திருந்தால் குழாயில் குமிழ் ஓடும்.

அப்புறம் கார்பரேட்டரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு மூடியையும் திறக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க மூடிக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு இருக்கும். விரலில் எடுத்து மடக்கினால் துணி மாதிரி தளர்வாக இருக்கணும். காய்ந்த வாழைப் பட்டை மாதிரி மொடமொடவென்று இருந்தால் போயிற்று. அது அசைந்து கொடுத்தால்தான் ஊசி வால்வு திறந்து பெட்ரோல் வரும். இன்னொரு பக்க மூடிக்குள் பொட்டளவு ஒரு வலை இருக்கும். பச்சையாகப் பிசின் படிந்து அடைத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்துவிட்டு கிளீனர் அடியுங்கள். துளைகளில் கம்பி விட வேண்டாம், துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அளவு கெட்டுவிடும். டயாஃப்ரம் கிட் வாங்கிப் போட்டாலே போதும், முழு கார்பரேட்டர் தேவைப்படாது.

இனி ஸ்க்ரூ. ‘எல்’ என்பது ஸ்லோவுக்கு, ‘ஹெச்’ என்பது முழு வேகத்துக்கு. இரண்டையும் வலது பக்கம் மென்மையாக அடிவரை திருப்பி, அழுத்தாமல் நிறுத்துங்கள். அழுத்தினால் ஊசி முனை கெடும். அங்கிருந்து இடது பக்கம் ஒன்றேகால் சுற்று திறங்கள். உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. ஐந்து நிமிஷம் ஓட்டி மெஷினைச் சூடாக்குங்கள். ‘எல்’லை மெதுவாக அடைத்தால் வேகம் கூடிக்கொண்டே போய் தடுமாறும். திறந்துகொண்டே போனாலும் ஒரு இடத்தில் திணறும். நடுவில் வேகம் அதிகமாக இருக்கும் இடத்தைப் பிடித்து, அதிலிருந்து அரைக்கால் சுற்று திறந்து வையுங்கள். பிறகு இந்த இரண்டும் அல்லாமல் தனியாக இருக்கும் ஐடில் ஸ்க்ரூவில், ஆக்ஸிலேட்டரை விட்டால் பிளேடு சுற்றாமல் நிற்கும்படி வேகத்தைக் குறையுங்கள்.

‘ஹெச்’ விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். அடைத்தால் சத்தம் கூர்மையாகி, பவர் கூடியது போலத் தெரியும். அந்த ஓட்டத்தில்தான் பிஸ்டன் சூடாகி சிலிண்டரோடு இறுகிவிடும், ஆயிலும் பெட்ரோலோடுதானே உள்ளே போகிறது. பாரமில்லாமல் முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் சற்றுக் கரகரப்பாக இருக்கணும். புல்லில் வைத்ததும் அது தெளிந்துவிடணும். அப்படி இருந்தால் சரி.

கல்லிடைக்குறிச்சி விவசாயி:
டயாஃப்ரம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது அண்ணாச்சி, மடக்கியதும் ஓரத்தில் கீறிவிட்டது. வலையில் பச்சை மாவு. கிட் மாற்றி அளவு வைத்ததும் சோக் இல்லாமல் பிடித்துவிட்டது. ஒரு குறை மட்டும் இருக்கிறது: ஆக்ஸிலேட்டரை விட்டால் வேகம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே நிற்கிறது.

அம்பாசமுத்திரம் மெக்கானிக்:
முதலில் கேபிள் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்று புகுகிறது. கழற்றி மாட்டினீர்கள் அல்லவா, நடுவில் வைக்கும் கேஸ்கெட் தகடு மடங்கியிருக்கும், இல்லையென்றால் இரண்டு போல்டில் ஒன்று தளர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யும் வரை முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம், ஸ்க்ரூவைத் திருகி ஈடுகட்டவும் வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி விவசாயி:
கேஸ்கெட்தான், ஒரு முனை மடிந்து கிடந்தது. புதுசு போட்டேன், ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிளேடு நின்றுவிடுகிறது. இன்று காலையில் இரண்டு வரிசை வாழைக்கு நடுவே வெட்டி முடித்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், காப்பிப் பொடி நிறம்.

அம்பாசமுத்திரம் மெக்கானிக்:
அந்த நிறம்தான் வேண்டும். வெள்ளையாக மாறினால் ‘ஹெச்’சை அரைக்கால் சுற்று திறங்கள். அடுத்த தடவை கட்டித் தொங்கவிடும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள்.