ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு மலசலகூடப் பழக்கம்: தை மாதம் முதலாம் ஆண்டு, எங்கே தொடங்குவது?

பாலைப்பழம் (கிளிநொச்சி):
வணக்கம். மகன் வாற தைக்கு முதலாம் ஆண்டு. ஓட்டிசம் எண்டு கிளினிக்கில சொல்லியிருக்கினம். கதை இல்லை, வேண்டியதைக் கையைப் பிடிச்சு இழுத்துக் காட்டுவான். பகலிலயும் பம்பஸ்தான். ரொய்லெட் வளவு மூலையில, தகரக் கூரை, குந்தியிருக்கிற வகை. உள்ளே கூட்டிக்கொண்டு போனால் காதைப் பொத்திக்கொண்டு கத்துறான். மலம் மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா, கட்டியாய். இடையில தண்ணியாய்க் கசியுது. வெள்ளைச் சோறும் பால்மாவும் தவிர வேற ஒண்டும் தொடமாட்டான். அம்மம்மா வெற்றிலைக் காம்பு வைக்கச் சொல்லுறா. இப்பிடிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில எடுப்பினமோ? எதில தொடங்கிறது?

முதிரை:
தங்கச்சி, ரொய்லெட்டை இப்ப விடுங்கோ. முதல்ல வயிறு.

கட்டியாய்ப் போற பிள்ளைக்கு இடையில தண்ணியாய்க் கசியிறது பெரும்பாலும் வயிற்றோட்டம் இல்லை. குடல் முனையில இறுகின மலம் அடைச்சு நிக்க, மேல இருக்கிற இளகின மலம் ஓரத்தால வழியுது. வயிற்றோட்டம் எண்டு நினைச்சு அதுக்கு மருந்து குடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கனகாலம் அடைச்சுக் கிடந்தால் குடல் விரிஞ்சு, 'வருது' எண்ட உணர்வே மங்கிப்போகும். பசி, தாகம், சலம் முட்டுறது போல உடம்புக்குள்ள இருந்து வாற சேதியள் ஓட்டிசம் உள்ள கன பிள்ளையளுக்கு ஏற்கெனவே தெளிவாய்ப் பிடிபடுறதில்லை. அதோட நிரம்பின குடல் சலப்பையையும் அமத்தும், சலம் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகும். இந்த நிலையில பழக்கத் தொடங்கினால் பிள்ளையும் களைச்சு நீங்களும் களைப்பியள்.

வெற்றிலைக் காம்பு, சவர்க்காரத் துண்டு, பேதிக்கு ஆமணக்கெண்ணெய், மூண்டும் வேண்டாம். நோகும் எண்டு பிள்ளை அடக்குவான், அடக்க இறுகும், இறுகினால் இன்னும் நோகும். அம்மம்மாவுக்கு இதை ஆறுதலாய்ச் சொல்லுங்கோ, அவ பிள்ளைக்கு நன்மை நினைச்சுத்தான் சொல்லுறா. மாவட்ட வைத்தியசாலையின் பிள்ளைகள் கிளினிக்கில கசிவையும் சேர்த்துச் சொல்லுங்கோ. லக்ருலோஸ் போல மலம் இளக்கிற மருந்து தருவினம், அளவைப் பிள்ளையின்ர நிறை பார்த்து அவைதான் சொல்லவேணும். ஒருநாள் இளகிப் போனவுடன் மருந்தை நிப்பாட்டிறதுதான் கன வீடுகளில நடக்கிற பிழை. விரிஞ்ச குடல் பழையபடி சுருங்க மாதக்கணக்காகும், நிப்பாட்டச் சொல்லும்வரை குடுங்கோ. மலத்தில இரத்தம், வயிறு ஊதிச் சத்தி, நிறை குறையிறது, கால் பெலமில்லாமல் போறது இருந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே கொண்டு போங்கோ.

இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 1 முதல் 1.4 லீற்றர் வரை குடிக்கவேணும். சோளகம் அடிக்கிற மாதங்களில இன்னும் கூட. ஒரேயடியாய் இல்லை, ஆறேழு தரமாய்ப் பிரிச்சு. பால் அரை லீற்றருக்கு மேல வேண்டாம், கூடினால் வயிறு நிரம்பி மற்றச் சாப்பாடு இறங்காது. வெள்ளைச் சோற்றில ஒரு தேக்கரண்டி சிவப்பரிசிச் சோறு கலந்து தொடங்குங்கோ, அவன் சங்கடப்படாமல் சாப்பிட்டால் ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டு. பப்பாசிப்பழத்தைச் சோற்றுக்குள்ள ஒளிச்சு வைக்காதையுங்கோ. கண்டுபிடிச்சால் அந்தச் சோற்றையும் விட்டுடுவான். வேற தட்டில ஒரு துண்டு, பக்கத்தில இருக்கட்டும், தொடச் சொல்லாதையுங்கோ.

வீரை:
முதிரை சொன்னதோட நானும் சேருறன். வயிறு சரியாகிக்கொண்டு வரேக்க இடத்தைப் பழக்கலாம்.

கத்துறதுக்கு என்ன காரணம் எண்டு தனித்தனியாய்ப் பாருங்கோ. தகரத்தின்ர வெக்கையா, சீமெந்துச் சுவரில எதிரொலியா, வாளித்தண்ணி ஊத்திற சத்தமா, இருட்டா? காதைப் பொத்திறானெண்டால் சத்தமாய்த்தான் இருக்கும். அவன் வெளியில வந்த பிறகு தண்ணி ஊத்துங்கோ. கதவைத் திறந்து வையுங்கோ. முதல் நாட்களில வாசலில நிண்டு திரும்பினால் போதும், பிறகு ஒரு அடி உள்ளே. கத்தமுதல் நீங்களே வெளியில கூட்டிக்கொண்டு வாங்கோ. கத்தின பிறகு கூட்டிக்கொண்டு வந்தால், கத்தினால் விடுவினம் எண்டு அவன் படிச்சிடுவான்.

குந்துற இடத்தில கால் வைக்கிற மேடை பெரியாக்களின்ர அளவுக்கு. சின்னக்கால் அகட்டேலாது, குழிக்குள்ள விழுந்துடுவன் எண்ட பயம் வரும். அவன் குந்தியிருக்கேக்க நெஞ்சு உயரத்தில சுவரில ஒரு குழாய்ப் பிடி போட்டுக்குடுங்கோ. அதுவரை பிளாஸ்ரிக் மலச்சட்டி, பாதம் இரண்டும் நிலத்தில படவேணும், முழங்கால் இடுப்பை விட உயர்ந்து இருக்கவேணும். சட்டியை விறாந்தையில வைக்கச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், நான் ஒத்துக்கொள்ளமாட்டன். இப்பிடிப் பிள்ளையள் பழக்கத்தோட இடத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கொள்ளுவினம். விறாந்தையில பழகினதை ரொய்லெட்டுக்கு மாத்திறது இரண்டாந்தரம் பழக்கிற வேலை. தொடக்கத்திலேயே சட்டி ரொய்லெட்டுக்குள்ள இருக்கட்டும். பம்பஸையும் அங்க நிக்கவச்சே மாத்துங்கோ, மலத்தை அவன் பார்க்கக் குழியில போடுங்கோ.

நேரம்: மூண்டு நாள், அரை மணிக்கு ஒருக்கா ஈரமா காய்ஞ்சதா எண்டு ஒரு கொப்பியில குறியுங்கோ. ஒரு ஒழுங்கு தெரியும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிசம் முந்திக் கூட்டிக்கொண்டு போங்கோ. மலத்துக்குச் சாப்பிட்டு 15 முதல் 30 நிமிசத்துக்குள்ள, சாப்பாடு வயிற்றில விழக் குடலும் அசையும். முதல்ல ஒரு நிமிசம், பிறகு மூண்டு, ஐஞ்சுக்கு மேல வேண்டாம். பம்பஸ் ஈரத்தை உறிஞ்சிறதால நனைஞ்சது அவனுக்குத் தெரியாது. பழக்கத் தொடங்கின நாளிலயிருந்து பகலில பருத்திக் காற்சட்டை. இரவை இப்ப தொடாதையுங்கோ, அது பிறகு.

பாலைப்பழம்:
நன்றி. என்ன சொல்லிக் கூப்பிடுறது? படம் காட்டினால் பார்க்கவே மாட்டான்.

முதிரை:
படம் பிடிபடாட்டிப் பொருள். ஒரு நிறப் பேணி வாங்குங்கோ, வேற ஒண்டுக்கும் பாவிக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் அதைக் கையில குடுத்து, ஒரே ஒரு சொல்: "சலம்". அம்மம்மாவும் அதே சொல்லைத்தான் சொல்லவேணும். "போவமோ?" எண்டு கேக்காதையுங்கோ. ஒருநாள் அவனாய்ப் போய்ப் பேணியைத் தூக்குவான். அதுதான் அவன் கேட்கிற விதம், அடுப்பில என்ன இருந்தாலும் உடனே போங்கோ. பிறகு பேணியில ரொய்லெட்டின்ர படம் ஒட்டலாம், படத்துக்கு மாறுற வழி அது.

காற்சட்டை போடுறதைக் கடைசிப் படியிலயிருந்து பழக்குங்கோ. நீங்கள் இடுப்புக்குக் கிட்ட இழுத்துவிட, கடைசி இழுப்பு அவன்ர. அது சரிவந்தால் முழங்காலிலயிருந்து அவன். முடிக்கிற வேலை அவனுக்கு எண்டால் ஒவ்வொரு முறையும் வெற்றி அவனுக்கு.

சட்டியில போன கணமே பிடிச்ச பிஸ்கட்டில ஒரு சின்னத் துண்டு, வேற நேரத்தில அந்த பிஸ்கட் இல்லை. நனைச்சால் அடி, பேச்சு வேண்டாம். துடைச்சு உடுப்பு மாத்தினால் சரி. நனைச்சதுக்கெல்லாம் குளிக்கவார்க்காதையுங்கோ, தண்ணியில விருப்பமான பிள்ளை குளிக்கிறதுக்காகவே நனைக்கும். இன்னொண்டு: தனிய ரொய்லெட்டுக்குப் போகப் பழகின பிள்ளை கிணத்தடிக்கும் தனியப் போகும். கிணத்துக்குக் கட்டு இருந்தாலும் கம்பி வலை மூடி போடுங்கோ.

கனகராயன்:
பள்ளிக்கூடம் பற்றி. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகளுக்கான சட்டப்படி வலுவிழப்பைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்காமல் விடமுடியாது. மறுத்தால் வலயக் கல்விப் பணிமனையில விசேட கல்விக்குப் பொறுப்பானவரிட்ட எழுத்தில குடுங்கோ. ஆனால் சண்டையோட தொடங்க வேண்டாம், அதிபரை இப்பவே போய்ப் பாருங்கோ.

கார்த்திகைக்கு முதல் வீட்டில நிலைக்க வேணும். மாரியில பாதை சேறாகும், தகரத்தில மழை விழுற சத்தத்துக்கே பழகின பிள்ளையும் உள்ளே வரமாட்டுது. மழைநாளுக்குக் காது மூடி ஒண்டு வச்சிருங்கோ.

பிள்ளையள் இல்லாத சனிக்கிழமையில பள்ளிக்கூட ரொய்லெட்டுக்குப் பேணியோட கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குங்கோ. தவணை தொடங்கினால் இடைவேளைக்குப் பத்து நிமிசம் முந்தி விடச் சொல்லிக் கேளுங்கோ, இடைவேளைச் சத்தம் அவனுக்குப் பொறுக்காது. சீருடைக் காற்சட்டையின்ர கொழுக்கியை எடுத்து லாஸ்ரிக் தைப்பியுங்கோ. ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்: சொல்லு, பேணி, வழக்கமான நேரங்கள், முட்டினால் காட்டுற குறிகள். காலைப் பின்னுறது, மூலையில ஒதுங்கி நிக்கிறது, திடீரெண்டு அசையாமல் நிக்கிறது, எது அவன்ர எண்டு பார்த்து எழுதுங்கோ. பையில இரண்டு மாற்றுக் காற்சட்டை, ஒரு துவாய், நனைஞ்சதைப் போட ஒரு பொலித்தீன் பை.