மலையில் சிறு உற்பத்தி: அரசு உதவி கேட்டுப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குன்னூர் பக்கம், லேத் பட்டறை

சிறு தேயிலை விவசாயிகள் சிலர் பச்சை இலையை ஃபாக்டரிக்குப் போடாமல் தாங்களே தேயிலை தயாரிக்கிறார்கள். அவர்களுக்கு இலையை மேசையில் உருட்டி முறுக்கும் சின்ன ரோலர் மெஷின் செய்து தருகிறேன். அந்த மேசையில் பதிக்கும் பித்தளைப் பட்டையின் வளைவு சற்றே பிசகினாலும் இலை முறுக்கேறாமல் நசுங்கிவிடும். இன்னொருவர் பட்டறையில் இருந்தபோது கற்ற வேலை. சொந்தமாகத் தொடங்க, வங்கிக் கடனோடு அரசு மானியமும் கிடைக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தேன்.

வங்கியில் முதல் கேள்வியே, "இதையெல்லாம் யாருங்க வாங்குவாங்க?" என்பதுதான். மாவட்டத் தொழில் மையத்தில் ஓர் அதிகாரி என் திட்ட அறிக்கையைப் படித்துவிட்டு, "சந்தை பெருசுன்னு எழுதாதீங்க தம்பி. சின்னதுன்னே எழுதுங்க. வாங்கப்போறவங்க கையெழுத்தோட வாங்க" என்றார். விவசாயிகளிடம் கடிதம் வாங்கினேன். தேய்ந்த பட்டையை மாற்றுவதில் வரும் வருமானத்தையும் தனியாகக் கணக்குக் காட்டினேன். அதன் பிறகுதான் வங்கி மேனேஜர் உட்காரச் சொல்லிப் பேசினார்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தத் திட்டத்தில் மலைப்பகுதி சிறப்புப் பிரிவில் வருகிறது. ஊராட்சி எல்லைக்குள் தொழில் என்றால் திட்டச் செலவில் மானியம் 35 சதவீதம், நாம் போட வேண்டிய பங்கு 5 சதவீதம். பொதுப் பிரிவில் அது 25, 10. படிவத்தில் எந்தப் பிரிவு என்று கேட்கும் இடத்தைக் கவனமாக நிரப்புங்கள்.

கொடைக்கானல், சீஸ் தயாரிப்பு

அண்ணா, அந்த அதிகாரி மாதிரி ஒருவர் எல்லா மாவட்டத்திலும் வேண்டும். நான் போனது உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான திட்டம். 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். மானியம் கையில் பணமாக வராது. கடன் கணக்கோடு சேர்த்து மூன்று வருடம் நிறுத்திவைப்பார்கள். அதுவரை தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடக்க வேண்டும். இதைத் தெரியாமல் மானியத்தை நம்பிக் கைமாற்று வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் சிக்கல் வேறு. கெட்டிச் சீஸ் மாதக்கணக்கில் பலகையில் கிடந்து பதமாக வேண்டும். உப்புத் தண்ணீரில் துடைத்துத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். பால்காரருக்கோ வாராவாரம் பணம். முதல் உருண்டை விற்கும் முன்பே தவணை ஆரம்பித்துவிடும். சீக்கிரம் விற்றுவிடும் ஊறுகாயையும் மசாலாப் பொடியையும் மனதில் வைத்துப் போட்ட தவணைக் கணக்கு இது. மாவட்ட வள நபர் என்று திட்டத்திலேயே ஒருவர் உண்டு, நாம் காசு தர வேண்டியதில்லை. அவர்தான் பதமாகும் காலத்தைத் தனிப் பக்கமாக எழுதி, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்தையும், தவணை தொடங்குவதைத் தள்ளிவைக்கும் தவணை விடுப்பையும் கேட்க வைத்தார். கிடைத்தது, கேட்டதைவிடக் குறைவுதான்.

ஒரு கையெழுத்துக்கும் திண்டுக்கல் இறங்கி ஏறினால் அன்றைய பால் வேலை போச்சு. மாதம் ஒருநாள் அதிகாரிகள் கொடைக்கானலில் வந்து உட்கார்ந்தால் எவ்வளவு பேர் பிழைப்பார்கள்!

ஊட்டி, தைலம்

யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறோம். கடன் வாங்குவதைவிடச் சரக்குக்குப் பணம் வாங்குவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. சமவெளி வியாபாரி ஒருவர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். வாங்குகிறவர்களே நாலைந்து பேர் இருக்கும்போது ஒருவரைப் பகைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? எங்கள் மாதிரித் தொழிலின் உண்மையான பலவீனம் அதுதான்.

2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. பணம் தரத் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சமாதான் என்ற அரசு இணையதளத்தில் மனு போட்டேன், இப்படிப்பட்ட பாக்கிப் புகாரை விசாரிக்கும் கோயம்புத்தூர் மன்றத்துக்குப் போனது. மனு விவரம் போனதுமே அவரே போன் செய்து பாதியை அனுப்பினார். அப்புறம் மீதியும் வந்தது. சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு, அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, இருக்க வேண்டும், அது முக்கியம்.

கொடைக்கானல், சீஸ் தயாரிப்பு

ஓட்டல்களுக்குக் கொடுத்த சரக்கும் இதில் வருமா அண்ணா?

ஊட்டி, தைலம்

வரும்மா. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்ற 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கூடாது. வாங்கி 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள். கிச்சன் பையன் கையெழுத்து போதாது, ஸ்டோர் சீலும் வேண்டும்.