பலூன் மாட்டியும் எடை குறைகிறது: நிறை அழியா விதிச் சோதனையில் 1.4 கிராம் எங்கே போகிறது?

கேள்வி:
வேதிவினையில் மொத்த நிறை மாறாது என்று மாணவர்களுக்குக் காட்ட இந்தச் சோதனை: சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா) 4.2 கிராம், 5% வினிகர் 75 மி.லி. பொடியைப் பலூனுக்குள் போட்டு, பலூனைக் குடுவை வாயில் மாட்டி நூலால் இறுகக் கட்டி, பிறகு பொடியை உள்ளே கொட்டுகிறேன். கொட்டுவதற்கு முன் தராசில் 203.48 கிராம். நுரை அடங்கிய பின் 202.09. திறந்த குடுவையில் 2 கிராம் குறைகிறது, அது வாயு வெளியேறுவதால். பலூன் இருந்தும் ஏன் 1.4 குறைய வேண்டும்? மாணவர்களிடம் "சோதனைப் பிழை" என்று சொல்லிக் கடந்து போக மனமில்லை.

பதில் 1:
தராசு சரியாகத்தான் காட்டுகிறது. நிறை குறையவில்லை, காற்றின் மிதப்பு விசை (சுற்றியுள்ள காற்று பொருளை மேலே தள்ளும் விசை) கூடியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பைகார்பனேட்டின் மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) 84 கிராம், எனவே 4.2 கிராம் என்பது 0.05 மோல். அதிலிருந்து 0.05 மோல் கார்பன் டை ஆக்சைடு வரும்: 2.2 கிராம், அறை வெப்பநிலையில் சுமார் 1.2 லிட்டர். பலூன் அவ்வளவு இடத்தில் இருந்த காற்றைத் தள்ளிவிடுகிறது. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிராம். 1.2 × 1.2 = 1.44. வாயுவில் சுமார் 0.1 கிராம் கரைசலிலேயே தங்கிவிடுவதால் பலூன் சற்றுச் சிறியதாக இருக்கும். உங்கள் 1.39 அதனோடு அழகாகப் பொருந்துகிறது.

கேட்டவர்:
நன்றி. ஆனால் பலூனில் வெறும் காற்றை அடைத்தால் எடை குறைவதில்லையே? அப்போதும் பெரிதாகத்தானே ஆகிறது?

பதில் 1:
அங்கே மிதப்பு விசை கூடும் அளவுக்கு, வெளியிலிருந்து காற்றின் நிறையும் உள்ளே வருகிறது. இரண்டும் ஈடாகிவிடும். ரப்பர் காற்றைச் சற்று அழுத்தி வைப்பதால் எண் இம்மியளவு கூடவே செய்யலாம். உங்கள் சோதனையிலோ வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, பருமன் மட்டும் பெருகுகிறது.

பதில் 2:
கணக்கு பொருந்துவதால் மட்டும் கருதுகோள் நிரூபணமாகிவிடாது. கழுத்தில் கசிவு என்ற போட்டி விளக்கமும் நிற்கிறது. இரண்டும் வெவ்வேறு முடிவைச் சொல்லும் ஒரு சோதனை வேண்டும்.

முதலில் தராசிலேயே வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். கசிந்தால் பலூன் சுருங்கச் சுருங்க எண் இறங்கிக்கொண்டே போகும். கார்பன் டை ஆக்சைடு ரப்பர் வழியாகவும் மெல்ல ஊடுருவும், அதனால் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த அளவை நம்பாதீர்கள்.

பிறகு பருமன் மாறாத கலனில் செய்யுங்கள். 500 மி.லி. பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் 20 மி.லி. வினிகர் ஊற்றுங்கள். 0.84 கிராம் பைகார்பனேட்டை ஒரு சிறு சோதனைக் குழாயில் போட்டு, வினிகர் படாமல் உள்ளே சாய்த்து இறக்கி, மூடியை இறுக்கி எடை பாருங்கள். அதன் பிறகே பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். மிதப்பு விசைதான் காரணம் என்றால் எண் அசையவே கூடாது. பாட்டில் லேசாக உப்பினாலும் 1 மி.லி.க்கு 1.2 மில்லிகிராம்தான், உங்கள் தராசு அதை உணராது.

கடைசியில் மூடியை மெல்லத் திறந்து, மூடியோடு சேர்த்து மறுபடி எடை போடுங்கள். இப்போது சுமார் 0.3 கிராம் குறையும். உண்டான வாயு 0.44 கிராம் என்பதால் "மீதி எங்கே?" என்று மாணவர்கள் கேட்பார்கள். வெளியேறுவது அதிகப்படி அழுத்தத்துக்கு உரிய பங்கு மட்டுமே, அதுவும் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது.

பதில் 3:
மூடியபடி ஒருமுறை, திறந்த பின் ஒருமுறை என்ற இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் ராபர்ட் பாயில் (Boyle), மூடிய கலனில் உலோகத்தைச் சூடாக்கி, திறந்த பிறகே எடை போட்டார். கூடிய எடையைத் தீயின் துகள்கள் கண்ணாடி வழியே நுழைந்ததாக எண்ணினார். 1774-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வெள்ளீயத்தை மூடிய கலனில் சூடாக்கி, திறக்கும் முன்பே நிறுத்துப் பார்த்தார், எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய, எடை கூடியது.

பாதுகாப்பு பற்றி ஒன்று: 0.84 கிராமுக்கே பாட்டிலுக்குள் அரை வளிமண்டலம் கூடுதல் அழுத்தம் ஏறும். பொடியை 1 கிராமுக்கு மேல் போக விடாதீர்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது.