ஜூன் 16 ப்ளூம்ஸ்டே – டப்ளின் குழு

பாலா: ஜேம்ஸ் ஜாய்ஸோட ‘யுலிசஸ்’ நாவல் நடக்கிறது 1904 ஜூன் 16, ஒரே நாள். அதுல வர்ற ப்ளூம், ஸ்டீபன் போன இடத்துக்கெல்லாம் நாமளும் போறோம். நாளன்னைக்குத் திட்டம் இதுதான். காலை 8 மணி சாண்டிகோவ் கோபுரம், 8.45 ப்ளூம் வீடு இருந்த எக்கிள்ஸ் தெரு, 10 ஸ்வெனிங்கிற பழைய மருந்துக்கடை, 11 கிளாஸ்னெவின் கல்லறை, 1 மணிக்கு டேவி பர்ன்ஸ் பப்ல சாப்பாடு. சரியா?

செல்வி அக்கா: கோபுரத்துக்கும் எக்கிள்ஸ் தெருவுக்கும் நடுவுல சுமார் 13 கிலோமீட்டர் தம்பி. படியெல்லாம் ஏறி இறங்கி, ஸ்டேஷனுக்கு நடந்து, டார்ட் ரயில் பிடிச்சு... முக்கால் மணியில முடியற காரியமா?

பாலா: புத்தகத்துல ரெண்டுமே 8 மணிதானே அக்கா.

செல்வி அக்கா: அதனாலதான் சொல்றேன். 1ஆம் அத்தியாயத்துல ஸ்டீபன், 4ல ப்ளூம், ரெண்டு பேருக்கும் ஒரே காலை. நாம ஒருத்தர் பின்னாடிதான் போகணும். ப்ளூம் மாதிரி காலையில பன்றி கிட்னி சாப்பிடணும்னா அவர் பின்னாடிதான். கோபுரத்தை வேற நாள் பார்த்துக்கலாம், அன்னைக்கு அங்க வரிசை வேற நீளமா நிக்கும்.

மீனா: எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீடே இப்ப இல்லையே. அங்க ஆஸ்பத்திரிதான் இருக்கு. கதவு மட்டும் நார்த் கிரேட் ஜார்ஜஸ் தெரு 35ல, ஜாய்ஸ் சென்டர்ல இருக்கு. போட்டோ அங்க எடுத்துக்கலாம்.

ரகு சார்: மணிக்கணக்கைப் பத்தி ஒண்ணு. 1904ல டப்ளின் நேரம் கிரீன்விச்சுக்கு 25 நிமிஷம் பின்னாடி. 1916லதான் அதை எடுத்தாங்க. இப்ப ஜூன்ல கோடை நேரம் வேற, கிரீன்விச்சுக்கு 1 மணி நேரம் முன்னாடி. ஆக புத்தகத்து 8 மணின்னா நம்ம கடிகாரத்துல 9.25.

பாலா: அட! அப்ப எல்லாத்தையும் 1 மணி 25 நிமிஷம் தள்ளிடலாமா?

ரகு சார்: தாராளமா. நாஷ்தா 9.25, கிளாஸ்னெவின் 12.25, டேவி பர்ன்ஸ் 2.25. மதியக் கூட்டமும் அதுக்குள்ள கொஞ்சம் கலைஞ்சிருக்கும்.

மீனா: அக்கா, கிட்னி போன தடவை ரப்பர் மாதிரி ஆயிடுச்சுன்னாங்களே, ஏன்?

செல்வி அக்கா: ரெண்டு தப்பு. ஒண்ணு, தீ குறைவு, நேரம் ஜாஸ்தி. ரெண்டு, ஈரத்தோட போட்டது. ஈரம் இருந்தா வறுபடாது, வெந்துடும். ஆளுக்கு ஒரு பன்றி கிட்னி. நீளவாக்குல ரெண்டா வெட்டி, நடுவுல இருக்கிற வெள்ளைப் பகுதியைக் கத்தரிக்கோலால சுத்தமா எடு. மூத்திர வாடை அதுலதான். பால்லயோ உப்புத் தண்ணியிலயோ போட்டு ஃபிரிட்ஜ்ல 2 மணி நேரம். அப்புறம் துணியால நல்லா ஒத்தி எடுத்து, 1 செ.மீ. கனத்துக்கு வெட்டிக்கோ. வெண்ணெய் மட்டும் போட்டா கருகும், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேரு. தீயைக் கூட்டி வெச்சு பக்கத்துக்கு 2 நிமிஷம். உப்பு, மிளகு கடைசியில.

ரகு சார்: ப்ளூமுக்கு அந்த லேசான வாடைதான் பிடிக்கும். ஊற வெச்சா அவர் நம்மளைச் சேர்த்துக்க மாட்டார்.

செல்வி அக்கா: அவர் மாடிக்குப் போய்ப் பேசிட்டு நின்னு அடிப்பிடிக்க விட்டவர் சார். சமையலுக்கு அவரை மேற்கோள் காட்டாதீங்க.

மீனா: நான் சைவம். டேவி பர்ன்ஸ்ல ப்ளூம் சாப்பிடற கோர்கன்சோலா சீஸ் சாண்ட்விச்தானே எனக்கு?

செல்வி அக்கா: அதுலயும் பாலைத் திரைய வைக்கக் கன்னுக்குட்டி வயித்து ரென்னெட் சேரும்மா. சைவம்னு லேபிள்ல போட்ட நீலப் பாலாடைக்கட்டியா பார்த்து வாங்கி நீயே கட்டிட்டு வந்துடு. கடுகு பேஸ்ட் மெல்லிசா போதும்.

பாலா: வைக்கோல் தொப்பி எத்தனை வாங்கட்டும்?

ரகு சார்: ப்ளூம் வேஷத்துக்கா? அவர் அன்னைக்கு ஒரு சாவுக்குப் போறவர் தம்பி. கருப்பு சூட்டு, கருப்புத் தொப்பி. வைக்கோல் தொப்பி பாய்லனுக்கு! ஊரே ப்ளூம்னு நினைச்சு அவர் பொண்டாட்டியோட ஆள் மாதிரி வேஷம் கட்டிட்டுத் திரியுது. பாக்கெட்ல ஒரு உருளைக்கிழங்கு மட்டும் போடு, அதுதான் அடையாளம்.

மீனா: வாசிப்பு? ஆளுக்கு 5 நிமிஷம்னா 700 வார்த்தை வரும்னு வெச்சிருக்கேன். டேவி பர்ன்ஸ்ல 8ஆம் அத்தியாயம். கடைசி அத்தியாயம் எனக்கு.

ரகு சார்: அதுல மொத்தமே 8 வாக்கியம்தான், நிறுத்தக்குறியும் கிட்டத்தட்ட கிடையாது. மூச்சு விடற இடத்தைப் பென்சில்ல கோடு போட்டு வெச்சுக்கோ. வானொலியில 1982ல முழுப் புத்தகத்தையும் வாசிச்சப்போ கிட்டத்தட்ட 30 மணி நேரம் ஆச்சு. நம்ம 5 நிமிஷத்துல அவசரப்பட்டு ஓட வேண்டாம்.

பாலா: கடைசியா சாண்டிமவுண்ட் கடற்கரை. சாயங்காலம் 8 மணின்னு போட்டிருந்தேன்.

ரகு சார்: இப்ப 8 மணிக்கு அங்க பளீர்னு வெயில் அடிக்கும். புத்தகத்துல அங்க நடக்கிற அத்தியாயமே அந்தி மயங்கற நேரம். 9.25க்குப் போனா, அரை மணியில சூரியன் இறங்கும். ஆனா அலை அட்டவணையைப் பார்க்காம மணல்ல தூரமா நடக்காதீங்க. அங்க ரொம்பத் தட்டை, தண்ணி ஏறினா மளமளன்னு வந்துடும்.

மீனா: ஸ்வெனியில எலுமிச்சை சோப்பு எனக்கு ரெண்டு.

செல்வி அக்கா: வாங்கினதும் பின் பாக்கெட்ல வெச்சுடாதீங்க. அடுத்தது கிளாஸ்னெவின் பஸ்ல உட்காரணும். ப்ளூமும் வண்டியில அது மேலதான் உட்கார்ந்து அவஸ்தைப்பட்டார்.