உருகாத கவச எஃகு இளகாதா?

(இணைய மன்ற இழை ஒன்றில் புனைபெயர்களில் நடந்த விவாதம்)

கடினமானி: சுழலும் முள்ளை இறக்கி, உராய்வுச் சூட்டில் உலோகத்தைக் கிளறி இணைக்கும் முறையைப் பற்றி, "உராய்வுக் கிளறல் வெல்டிங்கில் எஃகு உருகுவதே இல்லை, ஆகவே கவசத் தகட்டின் கடினத்தன்மை குறையாது" என்று உலைமுகம் அடித்துச் சொல்லியிருப்பதைப் படித்த பிறகு வாளாவிருக்க முடியவில்லை. தணித்துப் பதப்படுத்திய மார்ட்டென்சைட் (எஃகைச் சட்டென்று குளிர்விக்கும்போது உருவாகும் கடினமான உள்ளமைப்பு) இளகுவதற்கு 1,500 டிகிரியில் உருக வேண்டியதில்லை. 600 டிகிரி பட்டாலே போதும்.

உலைமுகம்: 1991இல் இங்கிலாந்தில் இம்முறையைக் கண்டுபிடித்ததே உருக்காமல் இணைப்பதற்காகத்தான். உருகாததால், உருகிய உலோகம் உறையும்போது வரும் விரிசல் இல்லை. எஃகில் ஹைட்ரஜன் புகுவதால் வரும் விரிசலுக்கும் வாய்ப்புக் குறைவு. மின்பொறியால் உருக்கி இணைக்கும் ஆர்க் வெல்டிங்கில் அந்த விரிசலுக்கு அஞ்சித்தானே மென்மையான ஆஸ்டெனைட் வகை எஃகுக் கம்பியால் நிரப்புகிறார்கள்? எஃகு உருகியது என்று நண்பர் நிரூபிக்கட்டும்.

கடினமானி: உருகியது என்று நான் எங்கே சொன்னேன்? இணைப்பைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, வரிசையாகக் கடினத்தன்மையை அளந்து பாருங்கள். கிளறிய பகுதி, எஃகின் உயர்வெப்ப உள்ளமைப்பான ஆஸ்டெனைட்டாகிக் குளிர்ந்து மீண்டும் மார்ட்டென்சைட்டாவதால் எண் உயர்ந்தே நிற்கும். அதைத் தாண்டி, வெப்பம் மட்டும் பட்ட ஓரத்தில் எண் பள்ளத்தில் விழும். தகடு துளைபடுவதற்கு அந்தப் பள்ளம் போதாதா?

முனைத்தேய்வு: நீங்கள் இருவரும் கருவியை மறந்தே போனீர்கள். அலுமினியத்தைக் கிளறும் எஃகு முள் இங்கே நிற்காது. போரான் நைட்ரைடு முள் தகட்டில் இறங்கும்போதே உடையலாம். டங்ஸ்டன்-ரீனியம் முள் தேய்ந்து வடிவிழக்கும்.

உலைமுகம்: முனைத்தேய்வு எந்த இழையிலும் தேய்மானத்தைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. சென்ற முறை அலுமினிய விவாதத்தையும் இப்படித்தான் திசைதிருப்பினார்.

முனைத்தேய்வு: அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கலாம்.

கடினமானி: உங்கள் பழைய கணக்கை வேறிடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இராணுவத் தரக்குறிப்பில் உயர்கடினக் கவச எஃகுக்கு 477 முதல் 534 பிரினெல் (கடினத்தன்மை அளவு) வரை கேட்கிறார்கள். வெப்பம் பட்ட ஓரம் அந்த எல்லைக்குள் நிற்கும் என்று உலைமுகம் ஒரே ஒரு அளவீட்டையாவது காட்டட்டும். கிளறும் வேகத்தையும் நகரும் வேகத்தையும் மாற்றி அந்த ஓரத்தைக் குறுக்கலாம், ஒழித்துவிட முடியாது.

உலைமுகம்: குறுக்கலாம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எஃகு உருகவில்லை என்பதையோ இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

கடினமானி: மறுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, ஐயா. அளவீடு எங்கே?